கூட ஒரு ஆள்

வயிற்றில் கட்டி இருக்கிறது, அறுவை செய்துதான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ரத்தப்போக்கு உயிருக்கே வினையாகும் என்று டாக்டரம்மா சொல்லி முடித்ததும் பிரேமலதா கேட்ட ஒரே கேள்வி, "எத்தன நாளு படுக்கணும்?" என்பதுதான். கட்டி எவ்வளவு பெரிசு, அறுத்தால் சரியாகிவிடுமா, எதுவும் கேட்கவில்லை. மாத்திரையில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், அதற்குள் வந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒரு வாரமா! அந்த ஒரு வாரம் மாரிராஜை யார் பார்த்துக்கொள்வது?

மாரிராஜ் அவளுடைய ஒரே மகன். பத்தொன்பது வயது, ஆட்டிசம். ஆள் வாட்டசாட்டமாக, மீசையும் தாடியுமாக இருப்பான். பேச்சு மட்டும் பத்து வார்த்தைக்கு மேல் கிடையாது, அந்தப் பத்தில் 'அம்மா' இல்லை. அப்பன்காரன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் நெருக்கியடித்து ஓடுகிற தெரு ஒன்றில் அவர்கள் வீடு. முன்னறையில் இரண்டு தறி. பிரேமலதா கூலிக்குச் சேலை நெய்கிறாள். மாரிராஜ் தறி அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். அந்த அதிர்வு முதுகில் இறங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவனைப் போல் சாது கிடையாது.

பகலில் தறி நின்று தெருவே அமைதியானால் போச்சு. தலையைச் சுவரில் மோத ஆரம்பித்துவிடுவான். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்கு விடிந்ததும் அவனை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, போவதும் வருவதுமாகப் பொழுதை ஓட்டுவாள். இன்ஜின் சத்தத்தில் அடங்கி இருப்பான். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் அந்தப் பஸ்ஸில் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே ராயகிரியில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஒரு வாரந்தானட்டி! கொண்டாந்து விடு," என்றான் அண்ணன். "தோட்டத்து மோட்டார் ரூம்ல விட்டுப் பூட்டிருதேன். வேளாவேளைக்குச் சோறு உள்ள போயிரும். மோட்டார் சத்தமும் கேட்டுக்கிட்டே இருக்கும், அவனுக்கும் பிடிக்கும்லா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். நல்ல மனசோடு சொன்னான், அதுதான் கொடுமை. பிரேமலதா போனை வைத்துவிட்டாள். அப்புறம் வெளியூரில் இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் விசாரித்தாள். பதினெட்டு வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்றார்கள். சின்னப் பிள்ளை என்றால் பயிற்சி உண்டு, விளையாட்டு உண்டு, வர்ணப் படம் போட்ட சுவர் உண்டு. மீசை முளைத்துவிட்டால் ஆட்டிசம் தானாகப் போய்விடும் போலிருக்கிறது!

கடைசியில் ஷாஹின் பானு டீச்சரிடம் போய் நின்றாள். ஷாஹின் பானு கடையநல்லூர்க்காரி, சிறப்புப் பயிற்சி ஆசிரியை. வாரத்துக்கு ஒருநாள் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூட அறையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வருவாள். மாரிராஜுக்கு வயது தாண்டிவிட்டது என்றாலும் அவனை வரக் கூடாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"அக்கா, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது போதும்," என்றாள் ஷாஹின் பானு. "பல்லு விளக்குதான், துணி மாத்துதான், பசிச்சா தட்ட எடுத்துட்டு வந்து நிக்கான். இனி இன்னொரு ஆளுக்குச் சொல்லிக்கொடுங்க. இவன எப்படி வச்சுக்கிடணும்னு ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும்னா, அது இவனுக்குத்தான் ஆபத்து."

"யாருக்கு டீச்சர் சொல்லிக்கொடுக்க? யாரு இருக்கா?"

"ஒங்க கையத் தவிர வேற யாரு கையிலயாவது சாப்பிட்டிருக்கானா?"

அப்படி ஒரு கை உண்டு. எதிர்வீட்டு வள்ளித்தாயின் கை. ஆனால் வள்ளித்தாயும் அவளும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தத் தெருவில் ஒரு வழக்கம். தெருவில் யார் செத்தாலும் எடுக்கிற வரைக்கும் ஒரு தறி ஓடக் கூடாது. யாரும் சொல்ல மாட்டார்கள், யாரும் கேட்கவும் மாட்டார்கள். அழுகைச் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு தறியாக நின்றுவிடும். போன வருஷம் சித்திரையில் வள்ளித்தாயின் வீட்டுக்காரர் சங்கரசுப்பு அண்ணாச்சி காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தறிகள் நின்றன. பந்தல் போட்டார்கள், கொட்டு வந்தது, வெடி போட்டார்கள். பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் அந்தக் கூட்டத்தைத் தாண்ட மாரிராஜ் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவன் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. அவள் தலையணையைக் குறுக்கே வைத்தாள், தன் கையைக் குறுக்கே வைத்தாள், கடைசியில் தன் நெஞ்சையே குறுக்கே வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தறியின் சுவிட்சைப் போட்டாள்.

எதிர்த்த வீட்டில் பிணம் கிடக்கிறது, இங்கே தறி ஓடுகிறது. தெரு விடுமா? "கூலிக்குப் பேயா அலையுதா, பொணம் போற வரைக்கும் பொறுக்க மாட்டாளா?" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது! அன்றைக்கு அவள் அந்தச் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகவில்லை. போக முடியவில்லை. பதினாறாம் நாள் போகலாம் என்று இருந்தாள், அன்றைக்கும் அவனை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அதற்கப்புறம் எந்த முகத்தோடு போவது? எதிரும் புதிருமாக இரண்டு வாசல். இவள் கோலம் போடும்போது அவள் வெளியே வர மாட்டாள், அவள் தண்ணீர் பிடிக்கும்போது இவள் குடத்தைத் தூக்க மாட்டாள். தெருவில் மற்றவர்களும் மெல்ல மெல்ல விலகினார்கள். பிரேமலதா நாள் முழுக்கப் பேசுவது பேசாத மகனோடு மட்டும் என்றாகிவிட்டது. சில நாள் தன் குரல் தனக்கே மறந்துபோகும். கடையில் போய்ச் சாமான் கேட்க வாய் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை, மாரிராஜின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். கடப்பதற்கு எத்தனை அடி இருக்கும், பத்து இருந்தால் அதிகம். வள்ளித்தாய் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். 'வா' என்று சொல்லவில்லை.

துஷ்டி கேட்க வருகிறவர்களை 'வா' என்று சொல்லுகிற வழக்கம் இல்லை. போகிறவர்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல மாட்டார்கள். அந்த வழக்கத்துக்காகச் சொல்லாமல் இருக்கிறாளா, கோபத்தில் சொல்லாமல் இருக்கிறாளா என்று பிரேமலதாவுக்கு விளங்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"துஷ்டி கேக்க வந்தியோ?" என்றாள் வள்ளித்தாய்.

"ஆமா மதினி."

"தெவசமே முடிஞ்சிட்டு."

"அன்னைக்கு நான் தறி ஓட்டுனது கூலிக்கு இல்ல மதினி. இவன் தலைய..."

"எனக்குத் தெரியாதாக்கும்!" வள்ளித்தாய் சுளகைக் கீழே வைத்தாள். "அவரு தலமாட்டுலதான இருந்தேன். இவன் முட்டுத சத்தம் எனக்குக் கேட்டுது. தறி ஓடுனதும், அப்பாடா, பிள்ள அடங்கிட்டான்னு நெனச்சேன். ஊருதான் பேசிச்சு. நான் ஒரு வார்த்த பேசுனேனா?"

"பெறகு ஏன் மதினி என் மொகத்த பாக்காம இருந்தீய?"

"நீ ஏன் வரல? பதினாறுக்கும் வரல, அதுக்கப்புறமும் வரல. மவன் காரியத்த முடிச்சுட்டு கோயம்புத்தூருக்குப் போயிட்டான். இந்த வீட்டுல நான் ஒத்தையில கெடந்தேன். எதிர்த்த வாசல் ஒன் வாசல். அவன விட்டுட்டு வர முடியாதுன்னா, அங்கன நின்னே 'மதினி'ன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? நான் ஓடி வந்திருப்பேன்லாட்டி!"

பிரேமலதா ஒரு வருஷமாகத் தறி ஓட்டிய குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாளே, உண்மையான குற்றம் வேறு எங்கேயோ இருந்திருக்கிறது. போய் வள்ளித்தாயின் தோளைக் கட்டிக்கொண்டாள். துஷ்டி கேட்கப் போனால் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழ வேண்டும். வள்ளித்தாய் "எஞ்சாமி" என்று ஆரம்பித்ததும் மாரிராஜின் இரண்டு கையும் காதுக்குப் போயின. வள்ளித்தாய் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு மட்டும் குலுங்க அழுதார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு பிரேமலதா தன் வயிற்றுக் கட்டியைச் சொன்னாள், ஒரு வாரம் மாரிராஜைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

வள்ளித்தாயின் முகம் மாறியது. "இதுக்காகத்தான் வந்தியாக்கும்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"ஆமா மதினி. இது இல்லைனா இன்னும் வந்திருக்க மாட்டேன்."

வள்ளித்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு பொய் கூடச் சொல்லத் துப்பில்லாத மூதி," என்றாள். "நாளைக்குக் காலைல வாரேன். இட்லி அவிச்சு வையி."

அப்புறம் தொடங்கியது பாருங்கள் பயிற்சி! வள்ளித்தாய் நல்லவள்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். "எஞ்செல்லம், எந்தங்கம், என்னடா பாக்க, மாமிய மறந்துட்டியாடா" என்று வந்ததும் வராததுமாகப் பொழிந்தாள். மாரிராஜ் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விட்டான். இட்லியை வெறுமனே பிய்த்து எவர்சில்வர் தட்டில் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், ஒன்றோடு ஒன்று தொடக் கூடாது என்று பிரேமலதா சொல்லியிருந்தாள். வெறும் இட்லியைப் பிள்ளை எப்படித் தின்பான் என்று மனசு கேட்காமல் வள்ளித்தாய் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டாள். போதாததற்குப் பின்பக்கமாகப் போய் அவன் வாயைத் துடைத்தாள். அவன் அவள் கையைக் கவ்விவிட்டான். பல் பதிந்து ரத்தம் வந்தது.

இனி வர மாட்டாள் என்றுதான் பிரேமலதா நினைத்தாள். அன்றைக்கு முழுக்க எதிர்வாசலைப் பார்க்கவே அவளுக்குத் தைரியமில்லை. மறுநாள் காலை கையில் மஞ்சள் பற்றோடு வள்ளித்தாய் வந்து நின்றாள்.

"அவன் மேல தப்பில்லட்டி. நான்தான் சொன்ன பேச்சு கேக்கல. சொல்லு, மொதல்ல இருந்து சொல்லு."

சொன்னாள். பின்னாலிருந்து தொடாதீர்கள், முன்னால் வந்து நின்று கையைக் காட்டிவிட்டுத் தொடுங்கள். குளிக்க வேண்டும் என்றால் சொம்பைக் காட்டுங்கள், முதலில் காலில்தான் தண்ணீர் விட வேண்டும். 'செய்யாதே' என்றால் அவனுக்கு ஏறாது, என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் வள்ளித்தாய்க்குப் பெரும்பாடு. உதட்டைக் கடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு காத்திருந்தாள். ஷாஹின் பானு ஒருநாள் வீட்டுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தறிச் சத்தத்தைப் போனில் பதிந்து, காதை மூடுகிற ஹெட்போனில் கேட்கப் பழக்கினாள். முதலில் பிடுங்கி எறிந்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டான். கரண்ட் போனாலும் இனிப் பயமில்லை. கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கழிந்து ஊர் அடங்கிய பிறகு, ஒரு நாள் காலை வள்ளித்தாய் சொம்பைக் காட்ட, மாரிராஜ் எழுந்து தானே குளியலறைக்கு நடந்தான். பிரேமலதா அடுப்படியில் நின்று அதைப் பார்த்தாள். சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சுக்குள் எதையோ யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரியும் இருந்தது. பெற்றவள் மனசுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி கிடையாது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவள் ஒரு பையோடு தனியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் மகன் இல்லை. கையைப் பிடிக்க வேண்டியதில்லை, ஜன்னலை மூட வேண்டியதில்லை, யார் முறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை. கைகளை என்ன செய்வது என்றே தெரியவில்லை. மடியில் பையை வைத்து அதைப் பிடித்துக்கொண்டு போனாள்.

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து, "நாளைக்குக் காலைல ஆபரேஷன். கூட வந்த ஆளக் கூப்பிடுங்க," என்றாள்.

"கூட யாரும் வரல. நான்தான் பேஷண்ட்."

"அது தெரியுதும்மா. ஒங்களுக்குத் துணைக்கு யாரு?"

"துணைக்கா?"

"ஒரு பொம்பள ஆளு கண்டிப்பா இருக்கணும். கையெழுத்துப் போடணும், ரத்தம் வேணும்னா ஓடணும், மயக்கம் தெளியுற வரைக்கும் பக்கத்துல இருக்கணும், பாத்ரூமுக்குப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். ஆளு இல்லாம டாக்டர் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லுங்க, இல்லைனா இன்னொரு நாளைக்கு வாங்க."

பிரேமலதா கட்டிலில் உட்கார்ந்தாள். அட, பைத்தியக்காரி! இத்தனை நாளாக எத்தனை யோசித்தாள். அவனுக்கு யார் இட்லி பிய்ப்பது, அவனுக்கு யார் தண்ணீர் விடுவது, கரண்ட் போனால் என்ன செய்வது, இடி இடித்தால் என்ன செய்வது. ஒன்றை விடவில்லை. தனக்கு ஒரு ஆள் வேண்டும் என்பது மட்டும் அவள் புத்தியில் ஒருநாளும், ஒரு நிமிஷமும் தட்டவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் இன்னொருவனுக்குக் கூட இருக்கிற ஆள். கூட இருக்கிற ஆளுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும் என்று யார் நினைத்தார்கள்?

அண்ணனுக்குப் போன் போட்டாள். வீட்டுக்காரியை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். "மக்காச்சோளம் அடிக்க மெஷின் வந்து நிக்கி, ஆள விட்டா போச்சு. நாலு நாள் பொறுத்து வரச் சொல்லுதேன்," என்றான். ஷாஹின் பானுவுக்குப் போட்டாள். அவளுடைய உம்மாவையே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பூருக்குப் போன புருஷனின் நம்பர் போனில் இருந்தது. அதைப் பார்த்தாள், தள்ளிவிட்டாள். தெருவில் யாரை அழைப்பது என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள். அழைக்கிற மாதிரி ஒரு வீடு இல்லை. கடைசியாக வள்ளித்தாய்க்குப் போட்டாள்.

"சாப்பிட்டானா மதினி?"

"சாப்பிட்டுட்டு ஒக்காந்திருக்கான். ஒன்னைய வாசல்ல நாலு தடவ தேடிட்டு வந்தான், பெறகு இருந்துக்கிட்டான். நீ சாப்பிட்டியா? கூட யாரு இருக்கா?"

இந்தத் தடவையும் பொய் சொல்ல வரவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

"ஏட்டி," என்றாள் வள்ளித்தாய். "நான் ஒத்த ஆளுல்லா. அவன்கிட்ட இருக்கவா, ஒன்கிட்ட வரவா? நீ சொல்லு. நீ சொல்லுத மாதிரி செய்யுதேன்."

"அவன்கிட்டயே இருங்க மதினி."

யோசிக்கக்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. தேம்பினாள். ஏன் தனக்கு மட்டும் இப்படி என்று சாமியைத் திட்டினாள், புருஷனைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். கிளம்பிப் போய்விடலாமா என்று பையை எடுத்தாள். போனால் என்ன ஆகும்? ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஒருநாள் தறி அறையில் விழுந்து கிடப்பாள். அவன் பக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான்.

பையைத் திரும்பக் கட்டிலில் வைத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் ஆபரேஷன் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, ரசீதா என்று யாரோ அழைத்தது காதில் விழுந்திருந்தது, கீழே பாய் விரித்து உட்கார்ந்து மகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பிரேமலதா எழுந்து போய் அவள் முன்னால் நின்றாள். மகனுக்காக எத்தனை வாசலில் நின்றிருக்கிறாள், எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறாள், அப்போதெல்லாம் வாய் தானாகப் பேசும். தனக்கென்று கேட்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"அக்கா, ஒரு ஒத்தாசை."

"என்னம்மா?"

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன். பக்கத்துல ஒரு ஆளு இருக்கணுமாம். ஒங்க மவளப் பாக்கும்போது என்னயும் சேத்து ஒரு பார்வ பாத்துக்கிடுவீயளா? ஒரு கையெழுத்தும் போடணுமாம்."

ரசீதா மடித்த துணியோடு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒனக்குப் பிள்ள குட்டி யாருமில்லயா?"

"ஒரு மவன் இருக்கான். அவனப் பாத்துக்கிட ஆளு இருக்கு அக்கா," என்றாள் பிரேமலதா. "எனக்குத்தான் ஆளில்ல."

ரசீதா துணியைக் கட்டில் மேல் வைத்தாள், முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நர்ஸ் உட்கார்ந்திருந்த மேஜைக்கு நடந்தாள். பிரேமலதா பின்னாலேயே போனாள்.

"இந்தப் பிள்ளைக்குக் கூட நான் இருக்கேம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?"

நர்ஸ் பேனாவை எடுத்தாள். "பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"தங்கச்சி பேரு?"

ரசீதா திரும்பிப் பிரேமலதாவைப் பார்த்தாள்.

"ஒம்பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.